கீழ வெச்ச கத்தி

பெட்டி என்ற மடியிலயே இருக்கட்டுமுங்க. மேல வெச்சா பஸ் குலுங்கறதுல எங்காச்சும் உருண்டுரும். நீங்க சித்தெ அக்கட்டால நகந்தீங்கன்னாப் போதும். ஆச்சு. எங்கெ எறங்கறீங்க, உடுமலையா? அப்ப நேரங் கெடக்குது. நான் கோயமுத்தூர் போகோணும். பேரு நாச்சிமுத்துங்க. பீளமேட்டுல பம்புக்கு வார்ப்பு ஊத்தற பட்டறை இருக்குது, இப்ப மகன் பாத்துக்கறான். கண்ணு ஆபரேசன் பண்ணுனதுல இருந்து கார் ஓட்டறதில்லை, அதான் பஸ்ஸு.

ஒரு சாவுக்குப் போயிட்டு வாரனுங்க. திண்டுக்கல்லுக்குப் பக்கத்துல. சொந்தமில்லை. சொந்தத்தை விட மேலன்னு வெச்சுக்கங்க. அந்த மனுசனுக்கு நான் செஞ்ச மாதிரி சொந்தக்காரன் ஒருத்தன் செஞ்சிருக்க மாட்டான். சொன்னா நீங்களே ஒத்துக்குவீங்க.

பெட்டியையே பாக்கறீங்க, கேக்க மாட்டேங்கறீங்க. உள்ள கத்தி இருக்குதுங்க. அட, பயப்படாதீங்க. இது வெட்டற கத்தி இல்லை. வெட்டவே கூடாத கத்தி.

சில பேரு தபால் தலை சேக்கறாங்க, சில பேரு பழைய காரு சேக்கறாங்க. நான் கையால செஞ்ச கத்தி சேக்கறனுங்க. மிஷின்ல அச்சடிச்சுக் கடையில தொங்குதே, அதில்லை. ஒரு ஆளு, ஒரே ஆளு, இரும்பைக் காய்ச்சித் தட்டி, கூர் நிக்கறதுக்குப் பதம் போட்டு, தேய்ச்சு, பிடி வெச்சு, உங்களுக்குன்னே செஞ்சு குடுக்கறது. டெய்லரு சட்டைக்கு அளவெடுக்கற மாதிரி உங்க உள்ளங்கையை அளவெடுப்பாங்க. விரல் என்ன நீளம், நீங்க அழுத்திப் புடிக்கறவரா மேலாப்புலப் புடிக்கறவரா, அத்தனையும் பாப்பாங்க. அப்படிச் செஞ்ச கத்தி என்ற ஊட்டுல கண்ணாடி அலமாரி நெறைய இருக்குது. டேராடூன்ல இருந்து வந்தது இருக்குது, ஜப்பான்ல இருந்து வந்தது இருக்குது. வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கிட்டுத்தான் எடுப்பேன். கைரேகை பட்டாத் துரு ஏறிருமுங்க.

ஒண்ணையும் ஒருக்காக்கூட உபயோகிச்சதில்லை. ஒரு தக்காளி அறுத்தாலும் அது வெறுங் கத்தி ஆயிரும். அறுக்காத வரைக்கும்தான் அதுக்கு மரியாதை. இது எங்களை மாதிரி சேக்கறவங்களுக்குத்தான் தெரியும். என்ற ஊட்டுக்காரிக்குத் தெரியாது. அவ சமையக்கட்டுல பிடி ஒடைஞ்ச கத்தியில துணியைச் சுத்தி வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு, அத்தனை இருக்குது, ஒண்ணு குடுத்தா என்னம்பா. அது வேற இது வேறன்னு சொன்னா மண்டையில ஏறாது.

ஒருக்கா அவ தங்கச்சி வந்திருந்தப்ப, நான் இல்லாத நேரம் பாத்து, ரெண்டு பேருமாச் சேந்து ஒரு கத்தியை எடுத்துக் கொய்யாப்பழம் அறுத்துத் தின்னுட்டாங்க. கழுவித் தொடைச்சு வெச்சாத் தெரியாதுன்னு நெனப்பு. அந்த இரும்புல பழச்சாறு பட்டாக் கறுத்துப் போயிரும், எனக்குத் தெரியாமப் போகுமா? நான் கத்தலை. கையை ஓங்கலை. நான் அந்த மாதிரி ஆளில்லீங்க. பொங்கல்ல இருந்து ஆடி வரைக்கும் அவகிட்டப் பேசலை, அவ்வளவுதான். நடுவால அந்தத் தங்கச்சி மக கல்யாணம் வந்துச்சு. போக வேண்டாம்னு மகன்கிட்டச் சொல்லி உட்டேன். போகலை. பட்டுச் சீலையைக் கட்டிக்கிட்டு ஊட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா. இப்ப அலமாரிப் பக்கமே வாரதில்லை, நிம்மதி.

அறுக்கறனுங்களா? சொல்லிருங்க. எங்க தெருவுல என்ற பேரே பிளேடுதான். கத்தியைப் பத்திப் பேசியே ஆளை அறுக்கறேன்னு முதுகுக்குப் பின்னால சொல்றாங்க. இல்லைங்கறீங்க. அப்பச் சரி.

இப்பச் செத்துப் போனவரு பேரு சவரிமுத்து. மில்லுல லேத்து ஓட்டிக்கிட்டிருந்தவரு, வேலையை விட்டதுக்கப்பறம் ஊட்டுக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டாயைப் போட்டுக் கத்தி செய்ய ஆரம்பிச்சாரு. பரம்பரைத் தொழில் அது இதுன்னு ஒண்ணும் கெடையாது, செல்போன்ல பாத்துக் கத்துக்கிட்டதுதான். ஆனா அந்தக் கை இருக்குது பாருங்க, அது தெய்வம் குடுத்த கை. வடக்கே இருந்தெல்லாம் ஆளு வந்து காத்துக் கெடப்பாங்க. வாய் மட்டும் சித்தெ அதிகம். என்னையக் கண்டாலே, "என்ன சார், கத்திக்கெல்லாம் கல்யாணம் காச்சி உண்டா, இல்ல எல்லாத்தையும் கன்னியாஸ்திரி மடத்துல சேத்துட்டீங்களா?"ன்னு கேப்பாரு. எதையாச்சும் அறுத்துப் பாருங்க சார், ஒரு வெள்ளரிக்காயாவது அறுங்க சார்ம்பாரு. நான் சிரிச்சுக்குவேன். செய்யறவனுக்கு அதோட அருமை தெரியறதில்லீங்க.

ஊட்டுல அவரும் அவரு மக ஜெசிந்தாவுந்தான். அது புருசன் உட்டுட்டுப் போன புள்ளை. மில்லுல வேலை பாத்தப்ப வலது கையில ரெண்டு விரலு, ஆள்காட்டி விரலும் நடுவிரலும், மிஷின்ல போயிருச்சு. அதுக்கப்பறம் ஊட்டுலயே சமைச்சு, பக்கத்துக் கம்பெனிக்காரங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கேரியர்ல கட்டிக் குடுத்துப் பொழைக்குது. மூணு விரல்ல கத்தி புடிக்கறது அதுக்குப் பெரும்பாடு. நான் போறப்பெல்லாம் பாத்திருக்கேன், இத்தனை வெங்காயத்தை அரியறதுக்குள்ள கத்தி அத்தனை தடவை கீழ விழுகும். பாவமா இருக்குமுங்க. நான் வேற பக்கம் திரும்பிக்குவேன்.

எங்களுக்குன்னு ஒரு வாட்ஸப் குரூப் இருக்குது. அதுல சேலத்துப் பல் டாக்டர் ஒருத்தரு, குமரகுருன்னு. அவருக்கும் எனக்கும் ஆகாது. வெளியில அண்ணா அண்ணாம்பாரு, உள்ளுக்குள்ள பொறாமை. டேராடூன்ல ஒரு பெரிய கை, கத்தி செய்யறவரு, திடீர்னு மாரடைப்புல போயிட்டாரு. மறுநாள் இந்த ஆளு குரூப்புல ஒரு போட்டோ போடறாரு. அவர் கடைசியாச் செஞ்ச கத்தி எங்கிட்ட இருக்குதுன்னு. செத்தவருக்கு ரெண்டு பேரு கை கூப்பி அனுதாபம் போட்டாங்க. கத்திக்கு அத்தனை பேரும் கை தட்டுனாங்க. அமெரிக்காவுல இருந்தெல்லாம் அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசுனாங்களாம். என்னத்தைச் சொல்ல. சோறு எறங்கலீங்க எனக்கு. முதல் கத்தி வெச்சிருக்கறவன் இருப்பான், நல்ல கத்தி வெச்சிருக்கறவங்க நூறு பேரு இருப்பாங்க. கடைசிக் கத்தி ஒருத்தங்கிட்டத்தான் இருக்க முடியும்.

அந்த நேரத்துலதான் சவரிமுத்து எனக்கு ஒரு கத்தி முடிச்சுக் குடுத்தாரு. ஈட்டி மரப் பிடி. அலகுல தண்ணி ஓடற மாதிரி வரி. என்ற வாழ்க்கையில அந்த மாதிரி ஒண்ணை நான் பாத்ததில்லை. கண்ணுல தண்ணி வந்துருச்சு, பொய் சொல்லலை. அன்னிக்கு டீ கொண்டாந்து வெச்சாரு. டம்ளரு தட்டுல கடகடகடன்னு ஆடுச்சு. என்னங்கன்னு கேட்டேன். "கொஞ்ச நாளா கை நடுங்குது சார். வேலையில உக்காந்துட்டா நின்னுரும். சும்மா இருந்தாத்தான் ஆடும்"னு சொன்னாரு.

எனக்கு ஊட்டுக்கு வர வழியெல்லாம் ஒரே வெசனம். இந்த மாதிரி ஒரு கத்தியைச் செஞ்சவரு இதுக்கப்பறம் நடுங்கற கையோட எதையாச்சும் கோணலும் மாணலுமாச் செஞ்சு வெச்சுட்டுப் போனா என்ன ஆகும்? கடைசின்னா எல்லாரும் அதைத்தானே பாப்பாங்க. உச்சத்துல இருக்கறப்பவே நிறுத்திப் போடறது ஒரு கலைஞனுக்கு அழகில்லீங்களா? அவருக்கு அது தோணலை. யாராச்சும் ஒருத்தரு செஞ்சு குடுக்கோணும்.

சேலத்து டாக்டரு அவருகிட்ட ஒரு கத்திக்குச் சொல்லி வெச்சிருந்தாரு. வடக்கே மூணு நாலு பேரு சொல்லி வெச்சிருந்தாங்க. நான் குரூப்புல ஒரே ஒரு வார்த்தைதான் போட்டேன். சவரிமுத்து அய்யாவுக்குக் கை நடுங்குது, முன்ன மாதிரி இல்லை, பதம் தவறுது, அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு. பதம் தவறுதுன்னு நான் போட்டது அவரோட நல்லதுக்குத்தான். நடுங்குதுன்னு மட்டும் சொன்னா, பரவால்ல செய்யுங்கன்னு விடாமப் புடிச்சுக்குவாங்க. பதம் போச்சுன்னா ஒருத்தனும் வர மாட்டான்.

ஒருத்தனும் வரலை.

சவரிமுத்து போன் பண்ணுனாரு. "சார், என்னன்னே தெரியல. எல்லாரும் ஒண்ணு சொன்னாப்புல வேண்டாம்ங்கிறாங்க. உங்களுக்குக் குடுத்ததுல ஏதும் குறை இருக்கா சார்? இருந்தா ஒளிக்காமச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்." எனக்கு மனசு கேக்கலீங்க. குறையே இல்லைன்னு அடிச்சுச் சொன்னேன். உண்மையத்தான சொல்லோணும்? ஓய்வெடுங்க, வயசாகுதில்லன்னேன். சரி சார்னு வெச்சுட்டாரு.

ஆனா அந்த ஆளு சும்மா இருக்கற ஆளில்லை. ஆர்டர் இல்லாட்டியும் எதையாச்சும் தட்டிக்கிட்டே இருப்பாருன்னு எனக்குத் தெரியும். ஒரு மாசம் பொறுத்து ஒரு டெம்போவைக் கொண்டுட்டுப் போனேன். இந்த மிஷினையெல்லாம் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா உங்களுக்கு மனசு ஆறாது, எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன்னு சொன்னேன். கேட்டதுக்கு மேலயே குடுத்தனுங்க, பேரமே பேசலை. கிரைண்டரு, சுத்தி மிஷினு, உலை, குறடு, அரம், ஒண்ணு விடாம ஏத்தினோம். ஜெசிந்தா வாசப்படியில நின்னுக்கிட்டு, "அப்பா சும்மா இருந்தா இருக்க மாட்டாரு சார், போயிருவாரு"ன்னுச்சு. அம்மிணி, எல்லாரும் ஒரு நாளைக்குப் போறவங்கதான்னு ஆறுதல் சொன்னேன்.

சவரிமுத்து இரும்பை வெச்சுத் தட்டற பட்டறைக்கல்லு மேல கையை வெச்சுக்கிட்டு நின்னாரு. "இதை மட்டும் விட்டுருங்க சார். ஒண்ணும் செய்ய மாட்டேன். சும்மா உக்காந்துக்கிறேன்"னாரு. நான் யோசிச்சேன். கல்லு இருந்தாச் சுத்தியல் கேக்கும். சுத்தியல் வந்தா நெருப்பு கேக்கும். உக்கார்றதுக்கு நல்ல பிளாஸ்டிக் சேரு வாங்கி அனுப்பறேன்னு சொல்லிட்டு, நாலு பேரை விட்டுத் தூக்கி ஏத்தினேன். சேரு சொன்ன மாதிரி அனுப்பினனுங்க. கை வெச்ச சேரு. அந்தச் சாமானெல்லாம் எங்க கொடவுன்ல தார்பாய் போட்டு மூடிக் கெடக்குது. எனக்கு அது எதுக்கு? ஆனா வேற யாருக்கும் போகக் கூடாதில்லீங்க.

அதுக்கப்பறம் மாசம் தவறுனாலும் நான் அவரைப் பாக்கப் போறது தவறுனதில்லை. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ரொட்டி. பெத்த மகன் பாப்பானா? போனவொடனே அவர் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காருவேன். அன்பாத்தான் புடிக்கறது, அப்படியே நகக்கண்ணையும் பாத்துக்குவேன். கரி இருக்குதா, எண்ணெய் இருக்குதான்னு. எத்தனை ரகசியமாச் செஞ்சாலும் உலைக்கரி நகக்கண்ணுல இருந்து போகாதுங்க. ஒண்ணும் இருக்காது. மாசா மாசம் கை வெளுத்துக்கிட்டே வந்துச்சு. விரல் நுனியெல்லாம் தண்ணியில ஊறுன மாதிரி வெள்ளை வெளேர்னு சுருங்கி இருக்கும். கையைப் பாருங்க, ஆபீசரு கையாட்டம் ஆயிருச்சும்பேன். அவரும் சிரிப்பாரு. வாய்ப்பேச்சு மட்டும் கொறைஞ்சு போச்சு. கன்னியாஸ்திரி மடமெல்லாம் காணோம். நடுக்கம் மட்டும் கூடிக்கிட்டே போச்சு, ரொட்டியை டீயில முக்கறதுக்குள்ள பாதி சட்டையில கொட்டிரும்.

ஒருக்கா மட்டும் கேட்டாரு. "சார், புள்ளைக்கு ஒரு கத்தி செய்யணும். அது கை அளவுக்கு, மூணு விரலுக்கு. ஒரு நாளைக்கு மட்டும் அந்த கிரைண்டரை அனுப்பி வைக்க முடியுமா?" கடையில எத்தனையோ கத்தி விக்குது, நான் வாங்கியாரேன்னு சொன்னேன். அது மறந்து போச்சுங்க. நமக்கும் ஆயிரம் வேலை.

நேத்துக் காலையில ஜெசிந்தா போன் பண்ணி அழுதுச்சு. தூக்கத்துலயே போயிட்டாராம். சித்த நேரம் அலமாரியைத் தொறந்து அவரு குடுத்த கத்தியைப் பாத்துக்கிட்டே நின்னேன். அப்பறம் பெட்டியில வெச்சு எடுத்துக்கிட்டுக் கெளம்பினேன். இதே பெட்டிதான், உள்ள வெல்வெட் போட்டது. அவரும் அவரோட கடைசிக் கத்தியும் சேந்தாப்புல ஒரு போட்டோ வேணுமில்லீங்களா? சவப்பெட்டியில கிடத்தியிருந்தாங்க, கையில செபமாலையைச் சுத்தியிருந்தாங்க. நான் செபமாலையைச் சித்தெ ஒதுக்கி, கத்தியைப் பக்கத்துல சாய்ச்சு வெச்சு, ரெண்டு மூணு எடுத்தேன். ஒரு பொம்பளை என்னமோ முணுமுணுத்துச்சு. கிராமத்து சனம், என்ன தெரியும். கல்லறைக்குப் போற வழியிலயே குரூப்புல போட்டுட்டேன்.

சாவுச் செய்தி கேட்டு முன்னயே கெளம்பியிருப்பாரு போல, போட்டவொடனே டாக்டரு போன் பண்ணறாரு. "அண்ணா, வேடசந்தூர் வந்துட்டேன், மாலையோட வர்றேன். அவர் ரிட்டயர் ஆனதுக்கப்பறம் எதுவுமே செய்யலைன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"ன்னு கேக்கறாரு. குரல்ல அத்தனை கிண்டல். நான் மாசா மாசம் கையைப் பாத்தவன்யான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

அடக்கம் முடிஞ்சு எல்லாரும் ஊட்டுக்கு வந்தோம். கை கழுவறதுக்குப் பின்பக்கம் போனனுங்க. அங்கெ ஜெசிந்தா துணி தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துல உக்காந்து வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருக்குது. இன்னிக்கு எதுக்கம்மிணி இந்த வேலைன்னு கேட்டேன். "வெளியூருச் சனம் பசியோட உக்காந்திருக்கு சார். சும்மா உக்காந்தா எனக்கும் அழுகை வருது"ன்னுச்சு. சரின்னு கையைக் கழுவிட்டுத் திரும்பறேன். என்னமோ ஒண்ணு மாறியிருக்குதுன்னு தோணுச்சு. சத்தமுங்க. சரக் சரக்னு ஒரே சீராச் சத்தம். கத்தி கீழ விழுகலை.

கிட்டப் போயிப் பாத்தேன். அந்த மாதிரி அசிங்கமான கத்தியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. இரும்பு அறுக்கற பெரிய ரம்பம், அதுல ஒரு துண்டு. பிடி என்னமோ விறகுக் கட்டை. ஒரு பக்கம் குழிவு, ஒரு பக்கம் கொக்கி மாதிரி வளைவு, மனுசன் கைக்குச் சம்பந்தமில்லாத உருவம். அலகு பூரா நெளி நெளியாத் தேய்ச்ச தடம். ஆனா அந்த மூணு விரலு அதுல போயி உக்காந்திருக்கறதைப் பாக்கோணுமே. ஒட்ட வெச்ச மாதிரி.

இது ஏதம்மிணின்னேன்.

"அப்பா செஞ்சது சார். போன மாசந்தான் முடிச்சாரு. மிஷினு இல்லேல்ல, இந்தக் கல்லுல தண்ணிய ஊத்தித் தேய்ச்சே செஞ்சாரு, வருசம் பூரா. கை தானா ஆடுதுல்ல ஜெசி, கல்லுல வச்சா அதுபாட்டுக்குத் தேய்ச்சுக்கிருதுன்னு சிரிப்பாரு. இது வந்ததுக்கப்பறம் ரெண்டு கம்பெனிக்குக் கூடச் சேத்துக் கட்டுறேன் சார்."

புரியுதுங்களா? நான் கரியைத் தேடிக்கிட்டிருக்கேன், அந்தாளு தண்ணியில தேய்ச்சுக்கிட்டிருந்திருக்காரு. என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, ஆரஞ்சை வாங்கித் தின்னுக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. அத்தனை பாடுபட்டு, கடைசிக் கத்தி என்ற அலமாரியில இல்லை, வெங்காயத் தோலுக்கு நடுவால கெடக்குது. நம்பிக்கைத் துரோகமில்லீங்களா இது? வாசல்ல ஒரு கார் வந்து நிக்கற சத்தம் கேட்டுச்சு. டாக்டரு.

நான் பதறலை. அம்மிணி, அதைச் சித்தெ காட்டுன்னேன்.

கத்தியைக் கைக்குக் கை குடுக்கக் கூடாதில்லீங்க. குடுத்தா ரெண்டு பேருக்கும் சண்டை வந்துரும். நீங்களும் ஊட்டுல கீழ வெச்சுத்தானே குடுப்பீங்க? அந்தப் புள்ளையும் அதேதான் செஞ்சுச்சு. சீலைத் தலைப்புல தொடைச்சு, எனக்கு முன்னால தரையில வெச்சுச்சு. அதுக்குள்ள வாசல்ல இருந்து, ஃபாதர் கெளம்பறாரு வா ஜெசின்னு யாரோ கூப்பிட்டாங்க. எந்திரிச்சுப் போயிருச்சு.

தரையில கத்தி. நானு. வேற யாருமில்லை. எடுத்தேன்.

அதுக்கு எடம் பண்ணறதுக்காகப் பெட்டியில இருந்த ஈட்டி மரக் கத்தியை எடுத்துத் தினத்தாள்ல சுத்தி இந்தப் பையில போட்டுட்டேன், காலுக்குக் கீழ கெடக்குது பாருங்க. அது இனிக் கடைசிக்கு முந்துனது, அதுக்கு என்ன இருக்குது. வெங்காயச் சாறு பட்டிருக்குதேன்னு சித்தெ சங்கடந்தான். ஆனா செஞ்ச கையே செத்துப் போச்சு, இதுக்கு மட்டும் அறுக்கக் கூடாதுங்கற சட்டம் பாக்க வேண்டாம்.

சாவு ஊட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லிக்கிட்டுக் கெளம்பக் கூடாதில்லீங்க. நான் முறை தெரிஞ்சவன். யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம, கொல்லைப் பக்கமாவே நடந்து ரோட்டுக்கு வந்துட்டேன். அந்தப் பக்கம் டாக்டரு மாலையோட எறங்கறது தெரிஞ்சுச்சு. பஸ் ஸ்டாண்டுல அந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல கத்தி, பிளாஸ்டிக் பிடி போட்டது, வாங்கி யாருகிட்டயாச்சும் குடுத்து உடலாம்னுதான் நெனைச்சேன். அதுக்குள்ள பஸ்ஸை எடுத்துட்டாங்க.

திருட்டா? என்ன வார்த்தை சொல்றீங்க. பெரியவங்க நீங்க. நான் கையைப் புடிச்சுப் புடுங்குனனா? அதுவாக் கீழ வெச்சது. கீழ வெச்சாக் குடுத்ததுன்னு அர்த்தம், நான் எடுத்தா வாங்குனதுன்னு அர்த்தம். கேட்டுப் பாருங்க யாருகிட்ட வேணும்னாலும். அத்தோட, அந்த டாக்டரு கண்ணுல பட்டிருந்தா, அந்தாளு ஏமாத்தி வாங்கிட்டுப் போயிருப்பாரு. சவரிமுத்தோட கடைசி வேலைக்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா?

இந்தா, பாருங்க. தொட வேண்டாம். இல்லை, தொடுங்க, உங்களுக்குக் காட்டாம வேற யாருக்கு. பிடிச்சுப் பாருங்க. உக்கார மாட்டேங்குதுல்ல? எனக்கும் அப்படித்தான். பஸ்ஸுல ஏறுனதுல இருந்து எப்படியெப்படியோ புடிச்சுப் பாக்கறேன். அஞ்சு விரலும் இருக்கறவன் கைக்கு உக்காரவே மாட்டேங்குதுங்க. அதனால என்ன, புடிக்கவா போறோம். இதுக்கு நடு அலமாரியில தனியா ஒரு லைட்டுப் போடப் போறேன்.

போன் அடிச்சுக்கிட்டே இருக்குதுங்கறீங்களா? அந்தப் புள்ளைதான். பஸ்ஸு ஒட்டன்சத்திரம் தாண்டுனதுல இருந்து அடிச்சுக்கிட்டே இருக்குது. இப்ப எடுத்தா அழுகும், சாவு நடந்த ஊட்டுப் பொண்ணு, அழுதா நமக்கும் தாங்காது. இருங்க, அமத்திப் போட்டர்றேன்.

ஒண்ணு, நியாயமாச் சொல்லிர்றனுங்க, அப்பறம் நீங்க தப்பா நெனைச்சுக்கக் கூடாது. கத்தியைக் கீழ வெக்கறப்ப அந்தப் புள்ளை ஒரு வார்த்தை சொல்லுச்சு. "பாத்துட்டுக் குடுங்க சார், வெங்காயம் பாதியில கெடக்கு"ன்னு.

பாத்துட்டுத்தானுங்க இருக்கேன். இன்னும் பாத்து முடிக்கலை.